மணலில் விழுந்த காப்பு

செவ்வாய்க்கிழமை காலை ஆறே முக்காலுக்கு, அயனம்பாக்கத்து ஏரியைப் பார்த்தபடி நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிலில், லோகநாயகி வழக்கம்போல் செருப்பின் சேற்றைப் படியில் தேய்த்துவிட்டுத் தன் கைப்பேசியின் கடைசி நான்கு எண்களைச் சொன்னாள். காவலாளி மணவாளன் அவற்றைத் தன் கருவியில் தட்டினான். ஆறு ஆண்டுகளாகப் பச்சைக் கட்டத்துக்குள் தோன்றி வந்த அவளுடைய முகம், அன்று சிவப்புக் கட்டத்துக்குள் தோன்றியது.

"இன்னாண்ணா, இன்னொரு வாட்டி போடு. நெட்டு கிட்டு பூட்டுச்சா?"

"நெட்டெல்லாம் நல்லாத்தான் கீதும்மா. உன் பேர நிறுத்தி வெச்சிட்டாங்க."

"யாரு?"

"பி பிளாக்கு நானூத்திரெண்டு. நேத்தே குரூப்புல போட்டுட்டாங்களாம். நீ வேல செய்ற மத்த ரெண்டு ஊட்லயும் வாணாம்னு சொல்லிட்டாங்க. என்ன மொறைக்காத. நான் கேட்டு தொறக்கிறவன், அவ்ளோதான்."

அவள் நகரவில்லை. பால் வண்டியும் பள்ளி வேனும் அவளைச் சுற்றிக்கொண்டு போயின. நாள்தோறும் அவளோடு சேர்ந்து உள்ளே நுழையும் பெண்கள், தத்தம் எண்களைத் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே நடந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. சிவப்புக் கட்டம் தொற்றிக்கொள்ளக்கூடியது என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். நானூற்றிரண்டாம் எண் வீட்டில் சரவணக்குமாரும் அவன் மனைவி நிஷாவும் குடியிருக்கிறார்கள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வேலைக்காக வந்தவர்கள். இருவருக்கும் கணினி நிறுவனத்தில் வேலை. அவர்களுடைய இரண்டு வயது மகள் மகிழினி, லோகநாயகி ஊட்டினால்தான் உண்பாள். ஆகவே ஞாயிறு மாலை ஈஞ்சம்பாக்கத்துக்கு அப்பால் கடற்கரைக்குக் காரில் புறப்பட்டபோது, அவளுக்கு அது விடுமுறை நாள் என்றாலும், அவளையும் அழைத்துக்கொண்டார்கள். அவளும் மகிழ்ச்சியோடுதான் போனாள். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கும் நீலப் புடவையை அன்று உடுத்தியிருந்தாள்.

குழந்தை ஒரு பஜ்ஜிக் கடையின் முன்னால் மணலைத் தோண்டி விளையாடியது. இருட்டுவதற்குள் லோகநாயகி அதன் கைகால்களைக் கழுவி, உடை மாற்றித் தூக்கிக்கொண்டாள். திரும்பும் வழியில் போரூரை நெருங்கும்போது நிஷா குழந்தையின் கைகளைப் பார்த்தாள். காதுகுத்து விழாவில் தாய்மாமன் போட்ட, கருமணி கோத்த பொன் காப்புகளுள் ஒன்று இல்லை.

திங்கட்கிழமை காலை நிஷா கேட்ட கேள்வி மென்மையாகத்தான் இருந்தது. "லோகாக்கா, நல்லா யோசிச்சுப் பாருங்க. கை கழுவிவிட்டப்ப கழட்டி எங்கிட்டாச்சும் வச்சீங்களா?" பகலில், காப்புப் போட்ட அவளுடைய அண்ணன் திண்டுக்கல்லிலிருந்து தொலைபேசியில் பேசினான். மாலையில் கேள்வியின் உருவம் மாறிவிட்டது. "வச்சிருந்தீங்கன்னா குடுத்துருங்க. நாங்க ஒண்ணுமே கேக்க மாட்டோம். சனிக்கிழமை வரைக்கும் பாப்போம். அதுக்கப்புறம் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துருவோம்னு அவரு சொல்றாரு."

கடல் மணலில் போய்த் தேடிப் பார்க்கலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு பெரிய மணற்பரப்பில் தேடுவதைவிட, ஒரு பெண்ணிடம் தேடுவது எளிது.

ஏரிக்கரைக்குப் பின்னால், சிமெண்ட் அட்டைக் கூரை போட்ட வாடகை வீட்டில், அவள் கணவன் கலியமூர்த்தி பழைய சோற்றைப் பிழிந்துகொண்டிருந்தான். பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்புறச் சந்தில், வாயிற்கதவுகளும் சன்னல் கம்பிகளும் செய்யும் பட்டறையில் வேலை. இருபத்தைந்து ஆண்டுகளாக இரும்போடு பழகியவன். புருவங்களில் பாதி தீப்பொறிக்கு எரிந்துபோயிருந்தன.

"இன்னாமே, போன வேகத்துல வந்துட்ட?"

அவள் சொன்னாள். அவன் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டான்.

"நான் போயி அந்தாள ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்."

"இன்னா பாப்ப? கத்துவ. கத்துனா எடுத்தவ புருஷன் கத்துறான்னுவாங்க. குந்துய்யா." அவள் வாசற்படியில் உட்கார்ந்தாள். "அது மண்ணுலதான் கீது. எனுக்கு எடம் தெரியும். பஜ்ஜிக்காரம்மா நீலக் கொட நட்டு வெச்சிருந்துச்சு. அதுக்கு முன்னாலதான் கொழந்த குழி நோண்டிச்சு. என் கால மண்ணு போட்டு மூடிக்கினு சிரிச்சுச்சு."

"கடல் மண்ண கையால சலிப்பியா?"

"சலிப்பேன். நம்ம தெருவுல இத்தினி வருசம் நிமுந்து நடந்துகினு கீறேன். சனிக்கிழமைக்கு அப்பால எப்டி நடக்கிறது, சொல்லு?"

கலியமூர்த்தி கையைக் கழுவிவிட்டு வந்தான். பிறகு, "செங்கல்வராயனாண்ட ஒரு மிஷினு கீது" என்றான்.

செங்கல்வராயன் பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்கு அப்பால் பழைய இரும்புக் கடை வைத்திருப்பவன். காணும் பொங்கலுக்கும் மாசி மகத்துக்கும் மறுநாள் கடற்கரைக்குப் போய், கூட்டம் தவறவிட்டவற்றை மணலிலிருந்து எடுப்பது அவனுடைய பழக்கம். அவனிடம் மெட்டல் டிடெக்டர்கள் இரண்டு இருந்தன. இரண்டும் ஒரே அமைப்புத்தான்: நீண்ட தடி, அடியில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம், மேலே ஒரு பெட்டி, காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்போன். தட்டு உலோகத்தின் மேலே போனால் காதில் சத்தம் கேட்கும்.

"வா மாமே, பொறுமையா பாத்து எடு" என்று செங்கல்வராயன் கடை முன்னால் தரையில் நான்கு பொருள்களைப் பரப்பினான்: ஓர் ஆணி, ஒரு சோடா மூடி, மாத்திரை அட்டையின் வெள்ளித்தாள், தன் விரலிலிருந்து கழற்றிய தடித்த மோதிரம்.

முதலில் மஞ்சள் நிறக் கருவி. அது நான்குக்கும் ஒரே குரலில் அலறியது.

"இது லூசு. எத்தக் கண்டாலும் கத்தும். ஈரமண்ணாண்ட போனா உப்புக்கே கத்தும். ஆனா எதையும் உடாது" என்றான் செங்கல்வராயன்.

அடுத்தது கறுப்பு நிறம். அதில் திருகு ஒன்று இருந்தது. திருகைப் பாதிவரை திருப்பியதும் ஆணிக்கும் மூடிக்கும் வெள்ளித்தாளுக்கும் அது வாய் திறக்கவில்லை. மோதிரத்துக்கு மட்டும் மணி அடித்தாற்போல் ஒலித்தது.

கலியமூர்த்தியின் முகம் மலர்ந்தது. "இதுதான் மச்சான் மிஷினு. குப்பைய வுட்டுட்டு தங்கத்த சொல்லுது."

"சொல்லும். ஆனா அந்தத் திருகாணிய ரொம்ப திருப்பாத. தட்ட தரையோட ஒட்டினாப்ல வெச்சுக்க. ஒரு கோட்டுக்கு மேல பாதி ஏறினாப்ல அடுத்த கோடு போடு. ஓடாத. ஆமை மாரி நட."

இருபத்தைந்து ஆண்டுகள் எந்திரங்களோடு பழகியவர்கள் தலையசைப்பதுபோல் கலியமூர்த்தி தலையசைத்தான். அப்படித் தலையசைக்கிறவர்கள் பாதியைத்தான் கேட்கிறார்கள்.

"இன்னா குடுக்கணும்?"

"உன்னாண்ட இன்னாத்த வாங்கறது? உன் கட்டிங் மிஷின மூணு நாளைக்கு இங்க வெச்சிட்டுப் போ. எனுக்கும் அறுக்கிற வேல கீது. என்து ஒடஞ்சா உன்து என்து."

இரும்பு அறுக்கும் அந்தக் கருவி இல்லாமல் பட்டறையில் கலியமூர்த்திக்கு வேலை இல்லை. அதை அவன் ஒரு நொடி கையிலேயே வைத்திருந்துவிட்டு, வயரைச் சுற்றி மேசைமேல் வைத்தான்.

புதன்கிழமை விடியும்போதே புறப்பட்டுவிட்டார்கள். டிடெக்டரைச் சாக்கில் சுற்றி மொபெட்டின் பக்கவாட்டில் கட்டியிருந்தார்கள். லோகநாயகியின் மடியில் அரிசிச் சல்லடையும், தூக்குச் சட்டியில் கேழ்வரகுக் கூழும், வாழையிலைத் துண்டில் சுட்ட நெத்திலிக் கருவாடும் இருந்தன. மெட்ரோ வேலைக்காக வளைத்துத் திருப்பிவிட்டிருந்த சாலைகளையெல்லாம் கடந்து மணலை மிதித்தபோது மணி எட்டரை. ஆடிக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி அடித்தது. மணல் கணுக்காலில் ஊசியாய்க் குத்தியது.

நீலக் குடை அங்கேயே இருந்தது. அதன் கீழே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பஜ்ஜிக்காரி சாவித்திரி அவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னா அண்ணாத்தே, ராஜா பொதைச்ச பானையா? கெடச்சா எனுக்கும் ஒரு ஒட்டியாணம் குடு. இந்த இடுப்புக்கு ஏத்தாப்ல பெருசா."

லோகநாயகி சிரிக்கவில்லை. விவரத்தைச் சொன்னாள். சாவித்திரி உரிப்பதை நிறுத்தினாள்.

"ஞாயித்துக்கெழம நீலப் பொடவ கட்டிக்கினு வந்தது நீதான? கொழந்த உன் காலப் பொதைச்சுக்கினு இருந்துச்சே? அந்தக் கொழந்த பொருளா? தேடும்மா, தேடு. கொடைய வேணா தள்ளிப் போட்டுக்கிறேன்."

கலியமூர்த்தி வாயிற்கதவுக்கு அளவெடுப்பவனைப்போலவே அந்த இடத்தை அளந்தான். நான்கு மூலைகளிலும் குச்சி நட்டு, சணல் கயிறு இழுத்து, உள்ளே முழ அகலத்தில் கோடுகள் போட்டான். பிறகு கறுப்புக் கருவியின் திருகைத் திருப்பாமலே ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடந்தான். சத்தம் வந்த இடத்தைக் காலால் காட்டுவான். லோகநாயகி கொட்டாங்கச்சியால் தோண்டிச் சல்லடையில் போட்டு ஆட்டுவாள். சோடா மூடி. பாக்குப் பொட்டலத்தின் உள்தாள். சிகரெட் தாள். தூண்டில் முள். மறுபடி சோடா மூடி. நகரமே அங்கே வந்து தின்று எறிந்ததையெல்லாம் அந்தக் கருவி ஒன்றுவிடாமல் அறிவித்தது.

பிற்பகலில் அவன் ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்தான். "மண்டைக்குள்ள ரயிலு ஓடுதுமே. வெறும் தாளுக்குத் தாளு கத்துது. இப்டியே போனா ஒரு மாசம் ஆவும்."

"அதுக்கு இன்னா பண்றது?"

"அதான் திருகாணி கீதே."

அவன் திருகைப் பாதிக்குமேல் திருப்பினான். உடனே அமைதி உண்டாயிற்று. அன்று மாலைக்குள் பரப்பில் பாதியை முடித்துவிட்டார்கள். வியாழக்கிழமை மீதிப் பாதியையும் முடித்து, முதலிலிருந்து மறுபடியும் நடந்தார்கள். கருவி ஏறத்தாழ ஊமையாகவே இருந்தது. ஒரு முறை ஒலித்தது. தோண்டினால் ஒரு பித்தளைச் சாவி. லோகநாயகி சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு, செய்வதற்கு வேலையின்றி, கணவனின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஓர் இடையன் கதை உண்டு. அவனிடம் நாய்கள் இரண்டு இருந்தன. ஒன்று சருகு அசைந்தாலும் குரைக்கும். அதை அவன் கட்டிப் போட்டுவிட்டான். மற்றொன்றுக்கு, முயலைக் கண்டால் குரைக்காதே என்று கற்பித்து வைத்திருந்தான். ஒருநாள் பிறந்து மூன்றே நாளான ஆட்டுக்குட்டி ஒன்று காணாமற்போயிற்று. கற்ற நாயை அழைத்துக்கொண்டு காடெல்லாம் அலைந்தான். குட்டி ஒரு புதருக்குள் முயலளவே ஆகிச் சுருண்டு கிடந்தது. நாய் அதை முகர்ந்தது. கற்பித்தபடியே வாய் திறவாமல் கடந்துபோயிற்று. குட்டியை நரி கொண்டுபோனதென்று அழுத இடையன், மறந்தும் தன்னைச் சந்தேகிக்கவில்லை.

தங்கத்திலும் இப்படித்தான். தடித்த மோதிரத்தின் குரல் வேறு; குழந்தைக் காப்பின் மெல்லிய கம்பியின் குரல் வேறு. மெல்லிய தங்கமும் வெள்ளித்தாளும் அந்தக் கருவியின் காதுக்கு ஒன்றே. தாளைக் கேட்காதே என்று திருகியவன், காப்பையும் கேட்காதே என்று சேர்த்தே திருகிவிட்டான். அது அவனுக்குத் தெரியாது. தெரியாத மனிதன் வேறு காரணம் தேடினான்.

வியாழன் மாலை நான்கு மணி இருக்கும். லோகநாயகி குடை நிழலில் கூழைக் கரைத்து அவனுக்கு ஒரு குவளையை நீட்டினாள். அவன் வாங்கிக் கீழே வைத்தான்.

"லோகா."

"இன்னா?"

"ஒண்ணு கேப்பேன். கோச்சுக்கக் கூடாது."

"கேளு."

"கை கழுவி வுடச் சொல்லோ... கழட்டி இடுப்புல கிடுப்புல சொருகிக்கினு, அப்பால மறந்துட்டியா?"

அவள் கருவாட்டை இலையோடு மடித்துக் கீழே வைத்தாள்.

"மறந்துட்டனான்னு கேக்கிறியா, எடுத்தனான்னு கேக்கிறியா?"

"அப்டி இல்லமே. ரெண்டு நாளா நானும் ஒரு எடம் வுடாம... மிஷினு பொய் சொல்லாது இல்ல?"

"அப்ப நான்தான் சொல்றேன்."

"நான் அப்டியா சொன்னேன்?"

"கூழக் குடி. ஆறிப் பூடும்" என்றாள். கூழ் ஏற்கெனவே குளிர்ந்துதான் இருந்தது.

திரும்பும் வழியெல்லாம் அவள் அவன் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்னிருக்கையின் இரும்பைப் பிடித்துக்கொண்டாள். போரூர்ச் சிக்னலில் அவன் தலையைத் திருப்பி, "பசிக்குதா?" என்றான். அவள் மடியிலிருந்த சல்லடையைச் சரிசெய்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வரமாட்டாள் என்று அவன் எண்ணியிருந்தான். அவள் அவனுக்கு முன்பே சல்லடையோடு மொபெட்டின் அருகில் நின்றாள். வராமல் இருந்தால் அதுவும் ஒரு சாட்சியாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும்.

கயிற்றுக் கட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு கலியமூர்த்தி செங்கல்வராயனுக்குத் தொலைபேசியில் பேசினான். எதிர்முனையில் எழுந்த குரல் சாவித்திரிக்கும் கேட்டது.

"எவ்ளோ திருப்பி வெச்சிக்கிற?"

"முக்காவாசி."

"அட அறிவு கெட்டவனே! கொழந்த காப்பு கம்பி மாரி இருக்கும்டா. அது தாளு கணக்குதான் பேசும். நான் சொல்ல வரச் சொல்லோ மண்டைய மண்டைய ஆட்டுனியே! பூரா பின்னால திருப்பி வெய்யி. கத்துனா கத்தட்டும், ஒவ்வொண்ணா நோண்டு."

கலியமூர்த்தி கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். அவள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் திருகை முழுவதும் பின்னால் திருப்பினான்.

மீண்டும் தாள்கள், மூடிகள், தாள்கள். பத்தரை மணிக்கு, சாவித்திரியின் குடைக் கம்பிலிருந்து நான்கு முழத் தொலைவில், மாத்திரைத் தாளுக்குரிய அதே மெலிந்த குரலில் கருவி ஒரு முறை முனகியது. கலியமூர்த்தி காலால் காட்டினான். லோகநாயகி தோண்டினாள். ஒரு சாண் ஆழத்தில் கொட்டாங்கச்சியோடு அது வந்தது: யாரோ மிதித்து முட்டைபோல் நசுங்கி, கருமணிகளின் இடுக்கெல்லாம் மணல் அடைத்து, பொன்னா பித்தளையா என்று சொல்ல முடியாத நிறத்தில்.

சாவித்திரி வெங்காயக் கத்தியோடு ஓடிவந்தாள். "ஐயோ, கெடச்சிட்ச்சா! அடி அம்மாடி!" அவள்தான் அழுதாள். லோகநாயகி காப்பை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டு, மண்டியிட்டபடியே வெகுநேரம் இருந்தாள்.

"நான் வேணா வந்து சொல்லட்டுமா?" என்றாள் சாவித்திரி. "எங்க, அம்பத்தூராண்டயா? நாளைக்கு கடைய மூடிட்டு பஸ் ஏறி வரேன். என் கண்ணு முன்னாடிதான எடுத்தீங்க?"

"உனுக்கு ஏன்க்கா செரமம்?" என்றான் கலியமூர்த்தி. அவன் முகத்தில் மூன்று நாள் களைப்பும் ஒரே நேரத்தில் கரைந்திருந்தது. "சனிக்கெழம யாவாரத்த வுட்டுட்டு அவ்ளோ தூரம் வருவியா? பொருளே கைல கீது. அத்தப் பாத்தா போதாதா?"

வீட்டுக்கு வந்ததும் லோகநாயகி பூந்திக்கொட்டைகளை நசுக்கி வெந்நீரில் போட்டாள். அவர்கள் வழக்கம் அது. பிறர் வீட்டுப் பொன்னை அழுக்கோடு திருப்பித் தருவது மரியாதையில்லை. அதிலும் அது குழந்தையின் உடம்பில் கிடக்க வேண்டிய பொருள். நுரையில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, பிறகு ஊக்கின் முனையால் ஒவ்வொரு கருமணியின் இடுக்கிலும் சிக்கியிருந்த மணலைக் கிளறி எடுத்தாள். கடைசி மணல்வரை எடுத்தாள். அந்த நீரைக் கொல்லையில் கறிவேப்பிலைக்கு ஊற்றினாள்.

நசுங்கலைக் கலியமூர்த்தி பார்த்துக்கொண்டான். அவனுடைய தொழிலில் கோணலாக ஒரு பொருளைக் கொடுத்து அவனுக்குப் பழக்கமில்லை. பூரிக்கட்டையின் மெல்லிய முனையில் காப்பை மாட்டி, மேலே துணியைச் சுற்றி, மரக்கட்டையால் பூப்போலத் தட்டித் தட்டி வட்டமாக்கினான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். "கடைல இருந்து வந்தாப்ல கீது பாரு" என்று அவளிடம் நீட்டினான். முந்தைய நாளுக்குப் பிறகு அவள் அவனைப் பார்த்தது அப்போதுதான். "ம்" என்றாள். மஞ்சள் துணியில் முடிந்து, குங்குமச் சிமிழோடு அம்மன் படத்தின் கீழே வைத்தாள்.

சனிக்கிழமை பத்து மணிக்கு மணவாளன் மேலே பேசி, விருந்தினர் சீட்டு எழுதி அவர்களை உள்ளே விட்டான். நானூற்றிரண்டாம் வீட்டுக் கூடத்தில் சரவணக்குமார் அவர்களை உட்காரச் சொன்னான். கலியமூர்த்தி நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். லோகநாயகி, தான் நாள்தோறும் துடைத்த தரையில், நின்றுகொண்டே முடிச்சை அவிழ்த்து நிஷாவிடம் நீட்டினாள்.

நிஷா ஓடிவந்து வாங்கினாள். முதலில் அவள் கண்கள் நிறைந்தது உண்மை. "எங்க அண்ணன் போட்டது... சாமி!" என்று நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு அதை விரல்களில் உருட்டிப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். மஞ்சள் துணியையும் குங்குமக் கறையையும் பார்த்தாள். அவள் முகம் மெல்ல மெல்ல மூடிக்கொண்டது.

"எங்க இருந்துச்சுன்னு சொன்னீங்க?"

"மண்ணுல மேடம். அந்தப் பஜ்ஜிக் கடையாண்ட. இவரு மிஷினு வெச்சு மூணு நாளா தேடி எடுத்தாரு."

"அஞ்சு நாளு கடல் மணல்ல, அத்தன பேரு மிதிச்சுக் கெடந்ததா இது? ஒரு நெளிவு இல்ல. ஒரு மண்ணு இல்ல. எங்க வீட்டுல இருக்குற இன்னொண்ணுகூட இவ்வளவு பளிச்சுன்னு இல்லீங்களே, லோகாக்கா."

"நான் கழுவுனேன் மேடம். கொழந்த கைல போட்றது. மண்ணோட எப்டி குடுக்கிறது?"

"நசுங்கித்தான் கெடந்திச்சு மேடம்" என்று கலியமூர்த்தி எழுந்தான். "நான்தான் தட்டி நிமுத்துனேன். நமக்குத் தொழிலே அது."

சரவணக்குமார் அமைதியாகவே கேட்டான். "போட்டோ ஏதாவது எடுத்தீங்களா? தோண்டி எடுக்கும்போது ஒரு வீடியோ?"

"தோணல சார்."

"கையில போன் இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு சார். தோணல. வேணும்னா இப்பவே வாங்க, எடத்தக் காட்றேன். பஜ்ஜிக்காரம்மா பாத்துச்சு. சாவித்திரின்னு பேரு. அவுங்க நம்பரு..." அவன் நிறுத்தினான். அவள் எண்ணையும் அவன் வாங்கியிருக்கவில்லை.

உள்ளறையில் மகிழினி சாப்பிட மறுத்து அழும் குரல் கேட்டது. வேறு யாரோ புதியவள் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். நால்வரும் அதைக் கேட்டார்கள்.

"சரி, விடுங்க" என்றான் சரவணக்குமார். அவன் குரலில் உண்மையான கனிவு இருந்தது. கேட்பதற்கு அதுதான் கடினமாக இருந்தது. "பொருள் வந்துருச்சு. எங்களுக்கு அது போதும். மனுஷங்கன்னா ஒரு நேரம் புத்தி தடுமாறும். ஸ்டேஷனுக்கெல்லாம் நாங்க போகப் போறதில்ல. மத்த வீட்டுக்காரங்களும் யாரும் உங்களத் தப்பா பேசக் கூடாதுன்னு நானே குரூப்ல போட்டுடறேன்."

அவன் தட்டி முடித்துப் படித்துக் காட்டினான். "லோகநாயகி காப்பைத் திருப்பி ஒப்படைத்துவிட்டார். எங்களுக்குப் புகார் இல்லை. இந்த விஷயத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம்."

"சார்" என்றாள் லோகநாயகி. "மண்ணுல கெடச்சுதுன்னு போடுங்க சார். அது ஒண்ணுதான் கேக்கிறேன். எனுக்கு வேலகூட வாணாம்."

"நான் பாக்கலையேம்மா. பாக்காதத எப்படி நான் எழுத முடியும்?"

"நான் எடுத்தத மட்டும் பாத்தீங்களா சார்?"

அவன் செய்தியை அப்படியே அனுப்பினான். நிஷா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கைப்பேசி இரண்டு முறை அதிர்ந்தது. யாரோ கைகூப்பும் படத்தை அனுப்பியிருந்தார்கள். வேறு யாரோ, உங்களுக்குப் பெரிய மனம் என்று எழுதியிருந்தார்கள்.

வாயிலில் மணவாளன் சீட்டைத் திரும்ப வாங்கிக் கம்பியில் குத்தினான். "முடிஞ்சிட்ச்சாம்மே? கேஸு கீஸு இல்லியாமே. தப்பிச்ச போ" என்றான். அவனும் நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்.

ஏரிக்கரைச் சாலையில் கலியமூர்த்தி மொபெட்டை உதைக்காமல் தள்ளிக்கொண்டே நடந்தான். லோகநாயகி மறுபக்கம் நடந்தாள். எதிரே இரண்டு பெண்கள் காய்கறிப் பையோடு வந்தார்கள். பேசிக்கொண்டே வந்தவர்கள், அருகில் வந்ததும் பேச்சை நிறுத்தினார்கள், கடந்ததும் தொடர்ந்தார்கள். கலியமூர்த்தி அவர்கள் போகும்வரை காத்திருந்தான்.

"வுடுமே. ஊரு இன்னா வேணா சொல்லிக்கினு போட்டும். நீ எடுக்கலன்னு எனுக்குத் தெரியும். அது போதாதா உனுக்கு?"

லோகநாயகி நடையை நிறுத்தவில்லை.

"உனுக்கே வெள்ளிக்கெழம மிஷினு சொல்லித்தானய்யா தெரிஞ்சுது" என்றாள்.